ஆண்டவர் வீட்டுக் காவல்காரி

என் மாமியார் தன் வாழ்நாளில் ஒரு பொருளையும் "என்னுது" என்று சொன்னதில்லை. வீடு ஆண்டவருடையது. வீட்டுக்குப் பின்னால் இருந்த செராமிக் பொம்மைப் பட்டறை ஆண்டவருடையது. பட்டறையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும் யானைகள், கார்த்திகை விளக்குகள், கொலுவுக்குப் போகும் செட்டியார் பொம்மைகள், பெரிசும் சிறிசுமாகப் பிள்ளையார்கள், எல்லாமே ஆண்டவருடையவை. பிள்ளையாருக்கு இதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை. என் மாமியார் வெறும் காவல்காரி. ஆண்டவர் என்றைக்காவது விருத்தாசலத்துக்கு வந்து இறங்கிக் கேட்டால், ஒன்று குறையாமல் ஒப்படைக்க வேண்டும். ஆகவே வேறு யாரும் எதையும் தொடக் கூடாது. அவ்வளவு எளிமையான மனுஷி.

நான் கல்யாணமாகிப் போன அந்த வாரத்திலேயே என் மிக்சி ஆண்டவருடையதாகிவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் அம்மா வாங்கிக் கொடுத்த மிக்சி. சட்னி அரைக்கலாம் என்று பெட்டியைப் பிரித்தேன்.

"அத எதுக்கு எடுக்கிற?"

"சட்னி அரைக்கத்தான் அத்தை. எங்க அம்மா குடுத்தது."

"ஒங்க அம்மா குடுத்தாங்க, சரி. அவங்களுக்கு யாரு குடுத்தது? ஆண்டவருதான? அப்போ அது அவரோடது. அம்மியில அரை. நாளைக்கிப் பொறக்கப்போற புள்ளைங்களுக்கு மிக்சி வோணும்."

மிக்சி அட்டைப்பெட்டிக்குள் திரும்பிப் போய்ப் பரணில் ஏறி, பிறக்காத பிள்ளைகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. நான் அம்மியில் அரைத்தேன். அரைக்கும்போது மனசுக்குள் என்னென்ன சொன்னேன் என்பதை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் இருமினார். சிரிப்பை அடக்கினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் பெண்ணாடம். கரும்பு விவசாயக் குடும்பம், குலதெய்வம் அய்யனார். விருத்தாசலத்துக்குக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் பஸ்ஸில் வந்து போன காலத்தில் என் வீட்டுக்காரர் பழக்கமானார். மதம் மாறினால் வாசப்படி ஏறக் கூடாது என்றார் அப்பா. ஞானஸ்நானம் வாங்கினால்தான் வாசப்படி ஏறலாம் என்றார் மாமியார். ஒரு படியை விட்டு இன்னொரு படியில் ஏறினேன். ஞானஸ்நானப் பெயரை மாமியாரே தேர்ந்தெடுத்தார்: பிலோமினா. அது அவருடைய மாமியாரின் பெயர். பெரியவர்கள் மேல் என்ன மரியாதை பார் என்று கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள். "ஏண்டி பிலோமினா, ஒலையில அரிசி போட இம்மா நேரமா?" என்று தன் மாமியார் பெயரைச் சொல்லிக் கூடத்தில் நின்று அதட்டும் பாக்கியம் எத்தனை மருமகளுக்குக் கிடைக்கும்? அவருக்குக் கிடைத்தது, தினமும் கிடைத்தது.

பெயர் வைத்தாரே தவிர என்னை நம்பவில்லை. பட்டறைக்காரர்களுக்கு ஒன்று தெரியும். ஈரம் காயாத பொம்மையைச் சூளையில் வைத்தால் வெடிக்கும், கூட இருக்கிற பொம்மைகளையும் உடைக்கும். அவர் அந்தச் சட்டத்தை மனுஷர்களுக்கும் வைத்திருந்தார். உறவுக்காரர்கள் யாராவது "மருமவ எப்பிடி, செபமெல்லாம் சொல்லுதா?" என்று கேட்டால் போதும், என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு முறை பார்ப்பார்.

"சொல்லுது சொல்லுது. இன்னும் ஈரம் காயல."

ஞானஸ்நானத் தண்ணீர் என் தலையில் ஊற்றப்பட்டு என் மகள் செலின் பிறந்து, அவள் நடந்து, ஸ்கூலுக்கும் போகத் தொடங்கிய பிறகும் எனக்கு ஈரம் காயவில்லை. அப்படியொரு மழைக்காலம்.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் செபமாலை. டிவியில் சீரியல் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் மணி அடிப்பார். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி. அதுவும் ஆண்டவருடையதுதான், ஆனால் ஆண்டவர் சீரியல் பார்க்க மாட்டார். எல்லோரும் முழங்காலில் நிற்க வேண்டும். அவர் மட்டும் மூட்டு வலிக்காக நாற்காலியில். செலின் விசுவாச மந்திரத்தைத் தடுமாறாமல் சொன்னால்தான் சோறு. என் வீட்டுக்காரர் ஆரம்பத்திலேயே தூங்கிவிடுவார். தூங்கிக்கொண்டே சரியான இடத்தில் "ஆமென்" சொல்லுவார். தலைமுறை தலைமுறையாக வந்த விசுவாசம் என்று மாமியார் பெருமைப்பட்டது இதை நினைத்துத்தான்.

"நாங்க நாலு தலைமொறையா கைக்கிக் கை வாங்குன விசுவாசம். கடையில வாங்குனது இல்ல," என்பார், என்னைப் பார்த்துக்கொண்டு.

அந்த வீட்டில் உண்மையாகவே கைமாறி வந்த பொருள் ஒன்று இருந்தது. எங்கள் பங்குக் கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் குழந்தை இயேசு பொம்மை, பாலன் சுரூபம், வருஷா வருஷம் இந்த வீட்டிலிருந்துதான் போகும். வெள்ளைப் பிளாஸ்டரால் ஆன பழைய அச்சு, இரண்டு பாதி. அதில் களிமண் கூழை ஊற்றி வார்த்து, சுட்டு, வர்ணம் தீட்டி, பண்டிகைக்கு முதல்நாள் சாயங்காலம் வீட்டுப் பெண் கையில் ஏந்திப்போய்ச் சாமியாரிடம் கொடுக்க வேண்டும். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் அந்தப் பாலன், பிள்ளைக்காக ஏங்கும் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய்விடும். என்ன சாதி, என்ன சாமி என்று பார்ப்பதில்லை. அடுத்த வருஷத்துக்குப் புதுப் பாலன். அந்த அச்சு மாமியார் கையிலிருந்து மருமகள் கைக்குத்தான் போகும், மகளுக்குக்கூடக் கிடையாது. அச்சு கைக்கு வந்தால்தான் மருமகள் அந்த வீட்டு மனுஷி.

எனக்கு அந்த அச்சின் மேல் அப்படி ஓர் ஆசை. பக்தியா என்று கேட்டால், முதலில் வீம்புதான். பெண்ணாடத்தில் எனக்குத் திரும்பிப் போக வீடு இல்லை. இங்கே நான் வந்து சேர்ந்துவிட்டதாகவும் யாரும் சொல்லவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ் பழுதாகி நின்ற மாதிரி என் பிழைப்பு. ஒரு தடவை வாய்விட்டே கேட்டேன்.

"அத்தை, அச்ச எப்ப எங்கிட்ட குடுப்பீங்க?"

"குடுக்கறதுக்கு அது என்னுதா? ஈரம் காயட்டும், பாக்கலாம்."

பாலனை வாங்கிப் போக வரும் தம்பதிகளுக்கு அவர் ஒரு பிரசங்கம் வைத்திருந்தார். அதை அவர் சொல்லும்போது கேட்க வேண்டும், சாமியார்கள் தோற்றுப்போவார்கள். "இது ஒங்களுது இல்ல. என்னுதும் இல்ல. ஆண்டவரோடது. நீங்க வெறும் காவல். யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க." அவர்களும் பயபக்தியாகத் தலையாட்டிவிட்டு, துண்டில் சுற்றிய குழந்தையோடு போவார்கள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். எல்லோருக்கும் கொடுக்கிறார், எனக்கு மட்டும் இல்லை என்று வயிறு எரியும்.

இதற்கிடையில் பாலனின் முகத்துக்கு ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு வருஷம் மூக்கு மழுங்கியது. உதட்டுக் கோடு காணாமல் போனது. நெற்றிச் சுருள் முடி ஒரு மேடாகி, அப்புறம் மேடும் போய்விட்டது. வார்ப்பில் இல்லாத முகத்தை வர்ணத்தில் கொண்டு வரவேண்டி வந்தது. பட்டறையில் எல்லாப் பிள்ளையாருக்கும் யானைக்கும் கண் எழுதுகிறவள் நான். ஆனால் பாலன் முகத்தை மட்டும் நான் தொடக் கூடாது. கண்ணில் புரை விழுந்த மாமியார் தன் கையாலேயே எழுதினார். ஒரு வருஷம் புருவம் இரண்டும் சேர்ந்துபோய், பாலன் அசல் போலீஸ் இன்ஸ்பெக்டர் மாதிரி வைக்கோலில் படுத்திருந்தார். மாட்டைக்கூட சந்தேகமாகப் பார்த்தார்.

"பாலன் இந்த வருஷம் கொஞ்சம் கோவமா இருக்காரு போல," என்றார் புதிதாக வந்த சாமியார்.

"ஊரு பண்ற பாவத்துக்கு சிரிச்சிக்கினா இருப்பாரு?" என்றார் மாமியார்.

செலினுக்குத்தான் அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. குடிலுக்கு முன்னால் நின்று கோயிலே கேட்கிற மாதிரி, தன் பாட்டியிடம், "ஆயா, பாலனுக்கு மூக்கு எங்க?" என்றாள். அன்றைக்கு அவளுக்கு விசுவாச மந்திரம் இரண்டு தடவை.

மூக்கு எங்கே போனது என்பது ஒரு சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. சனிக்கிழமை மாதாவுக்கு உரிய நாள் என்று மாமியார் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் செபம் செய்வார். கதவைத் தட்டக் கூடாது. அன்றைக்குப் பார்த்து கேஸ் சிலிண்டர்காரன் வந்து நின்றான், பணம் மாமியாரிடம். தட்டாமலே திறந்தேன். கட்டிலில் அச்சின் ஒரு பாதி மடியில் கிடக்க, பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். பிழிந்த துணியை விரலில் சுற்றிக்கொண்டு, அருள் நிறை மந்திரம் சொல்லியபடி, அச்சின் உள்பக்கத்தைக் குடைந்து குடைந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை! என்னா பண்றீங்க?"

"தெரியல? ஆண்டவருக்கு மூஞ்சி கழுவறேன். வாரா வாரம் பண்றதுதான்."

"ஈரத்துணியாலயா?"

"பின்ன? தூசியும் தும்புமாவா வெச்சிருப்பாங்க?"

பிளாஸ்டர் அச்சை ஈரத்துணியால் துடைத்தால் கோடெல்லாம் கரைந்துபோகும். இதைப் பட்டறையில் எல்லோருக்கும் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"போன வாரம் இதுக்குத்தான பட்டறையில ஒரு அக்காவ வேலையவுட்டு நிறுத்துனீங்க!"

"அது தொழிலு," என்றார் அமைதியாக. "இது பக்தி."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. துணியை உருவிவிட்டு, அவர் விரலைப் பிடித்து அச்சுக்குள் வைத்தேன். "மூக்குக்கு இங்க ஒரு குழி இருக்கணும். தடவிப் பாருங்க."

"வழுவழுன்னு இருக்குது பாரு," என்றார் பெருமையாக. அப்புறம் விரல் திரும்பத் தடவியது. மேலே போனது, கீழே வந்தது, சுற்றியது. முகம் இருக்கவேண்டிய இடமெல்லாம் தேடியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் அவர் அச்சை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"எங்க மாமியா என் கையில குடுக்கறப்ப மூக்கு, ஒதடு, சுருட்ட முடி எல்லாம் இருந்துதுடி. என் கையாலயே..."

அந்தக் கை ஆண்டவருடையது என்று அவர் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவர் "என்" என்று உரிமை கொண்டாடி நான் கேட்ட முதல் பொருள் அதுதான். கேஸ்காரன் வாசலில் சத்தம் போட்டான். கடுகு டப்பாவில் நான் ஒளித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்து அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் மணி அடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. "இந்த வருஷம் பாலன் கெடையாதுன்னு சாமியார்கிட்ட சொல்லிடு. கடையில பைபர்ல விக்குதாம், வாங்கி வெச்சிக்கட்டும்," என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். நாலு தலைமுறை தன் கையில் முடிந்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். எனக்கு வந்தது விடுதலை. உட்கார்ந்து சீரியலை முழுசாகப் பார்த்திருக்கலாம். பார்க்க முடியவில்லை. மணி அடிக்காத வீடு இழவு வீடு மாதிரி இருந்தது. நானே எழுந்து டிவியை அணைத்து, மணியை அடித்து, எல்லோரையும் முழங்காலில் நிறுத்தினேன். செலின் மந்திரத்தில் ஒரு வரியை விழுங்கினாள். "மறுபடி மொதல்லேர்ந்து," என்றேன். உள்ளே கட்டில் கிறீச்சென்றது.

செபம் முடிந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பழைய பாலன் ஒண்ணு நல்ல மூஞ்சியோட கெடச்சா, அதுலேர்ந்து புது அச்சு எடுத்துடலாம் அத்தை."

"சுட்ட பொருள்லேர்ந்து அச்சு எடுத்தா, அடுத்தது சின்னதாப் போவும். மண்ணு சூளையில சுருங்கும்ல?"

"சின்னதாப் போனா என்னா? கொழந்ததான?"

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

முன்பு பாலன் வாங்கிப்போன வீடுகளைத் தேடிப் போனோம். பக்கத்து ஊர்களில் இருந்தவையெல்லாம் மூக்கு போன பிறகு பிறந்த பாலன்கள். மங்கலம்பேட்டையில் ஒரு பாய் வீட்டில் பீரோவுக்குள் பட்டுத்துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதற்கும் மழுங்கல் முகம்தான். கடைசியில் மாமியாருக்கு, தன் கைக்கு அச்சு வந்த புதிதில் கொடுத்த ஒன்று நினைவுக்கு வந்தது. திட்டக்குடிப் பக்கம், நெல் விவசாயக் குடும்பம். இரண்டு பேரும் பஸ் ஏறினோம். டிக்கெட் எடுத்ததும் செபமாலையை ஆரம்பித்துவிட்டார். பாதி பஸ் பதில் சொன்னது, மீதி பஸ் தூங்குகிற மாதிரி நடித்தது.

வீட்டம்மா அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கையைப் பிடித்து நேராகச் சாமி அறைக்குக் கூட்டிப்போனார். முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவில் பாலன். நெற்றியில் பட்டை விபூதி, அதன் நடுவில் குங்குமம், இடுப்பில் வெள்ளி அரைஞாண்.

"சேசுவே!" என்று நெஞ்சில் கை வைத்தார் மாமியார்.

நான் விபூதியைப் பார்க்கவில்லை. மூக்கைப் பார்த்தேன். எத்தனை அழகான மூக்கு! உதடு, மோவாய்க் குழி, நெற்றியில் புரண்ட சுருள் முடி. இத்தனை வருஷமாக நாங்கள் குடிலில் வைத்தது யாரை என்று இருந்தது. மாமியார் கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தார். விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். அச்சு எடுத்ததும் திருப்பிக் கொண்டுவந்து தருவதாகவும் சொன்னார்.

அதுவரை காபி, பலகாரம் என்று ஓடிக்கொண்டிருந்த அந்த அம்மா நின்றார். "குடுக்க முடியாதும்மா. தப்பா நெனக்காதீங்க."

"நான் குடுத்ததுதானம்மா!"

"நீங்க குடுத்ததுதான். நீங்க சொன்னதுந்தான்." அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்: "இது ஒங்களுது இல்ல, என்னுதும் இல்ல, ஆண்டவரோடது. நீங்க வெறும் காவல். யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க, நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்கன்னீங்க. இதால பொறந்த புள்ளயே தனிக்குடித்தனம் போறப்ப கேட்டான், குடுக்கல. எம் மருமவளுக்கும் இதயேதான் சொல்லி வெச்சிருக்கேன்."

அன்றைக்கு என் மாமியார் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆயுசு முழுக்க அவர் மணி அடித்து, முழங்காலில் நிறுத்தி, சோற்றை நிறுத்திச் சொல்லிக் கொடுத்த பாடம், அவர் பெற்ற பிள்ளைக்குத் தூக்கத்தில் ஆமென் சொல்லும் அளவுக்குத்தான் ஏறியிருந்தது. இங்கே, ஒரே ஒரு தடவை வாசலில் நின்று சொன்னது, விபூதி பூசிய வீட்டில் ஒரு சொல் பிசகாமல் இரண்டு தலைமுறைக்கு இறங்கியிருந்தது. அவரை மறுத்துப் பேச அவராலேயே முடியவில்லை.

"நீங்க குடுக்க வேணாம்மா," என்றேன் நான். "நாளைக்கி சாமானெல்லாம் எடுத்துக்கினு நான் இங்கயே வரேன். ஒங்க கண்ணு முன்னாலயே அச்சு எடுக்கறேன்."

மறுநாள் பிளாஸ்டர் மூட்டையோடு போனோம். அந்த அம்மா விபூதியை அழிக்க முந்தானையைத் தண்ணீரில் நனைத்ததும், "ஈரத்துணி வோணாம்! வோணாம்!" என்று மாமியார் அலறினார். சுட்ட பொம்மைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் புரியவைத்தேன். சோப்புத் தண்ணீர் பூசி, பாலனைக் களிமண்ணில் பாதி புதைத்தேன். பிளாஸ்டர் கலக்கிய பாத்திரத்தை மாமியாரிடம் நீட்டினேன். அது அவருடைய உரிமை. அவர் தன் கைகளைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார்.

"நீயே ஊத்து."

பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும். வீட்டம்மா அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "அய்யய்யோ, கொழந்தைக்கி காய்ச்ச அடிக்குதும்மா!" என்று பதறினார். மாமியார் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

அந்த வருஷம் பாலனுக்கு முகத்தை நான் எழுதினேன். "புருவம் மெலிசா... மெலிசா" என்று பின்னால் நின்று மாமியார் மூச்சை என் கழுத்தில் விட்டுக்கொண்டிருந்தார். பாலன் ஒரு விரற்கடை குறைந்துபோயிருந்தார். குடிலில் அவர் படுத்திருந்த வைக்கோல் தொட்டி பெரிதாகத் தெரிந்தது.

"என்னம்மா, சின்னதா இருக்காரே?" என்றார் சாமியார்.

"பொறந்த கொழந்த சின்னதாத்தான் இருக்கும் சாமி. இத்தினி வருஷம் நாமதான் தப்பாப் பெருசா வெச்சிருந்தோம்."

இவ்வளவுக்குப் பிறகும் அச்சு எனக்கு வரவில்லை. புது அச்சைத் துணியில் சுற்றி, தன் தகரப் பெட்டியில் வைத்து, கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். கோயிலுக்குப் பாலனை ஏந்திப்போனதும் அவர்தான். நானும் விட்டுவிட்டேன். கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும்.

பண்டிகை முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. கூடத்தில் என் வீட்டுக்காரர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் அறையிலிருந்து தண்ணீரில் துணி பிழியும் சத்தம். பழக்கம் கையை விடுமா? நான் ஓடினேன். பெட்டி திறந்திருந்தது. அச்சு மடியில். துணி சுற்றிய விரல் மூக்குக் குழிக்கு நேராக வந்துவிட்டது. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தேன்.

"தொடாதீங்க அத்தை! அது ஒங்களுது இல்ல, ஆண்டவரோடது!"

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. இன்றைக்கு வீடு இரண்டுபடும் என்று நினைத்தேன். மாமியார் துணியைக் கிண்ணத்தில் போட்டார். அச்சை அதன் துணியில் சுற்றி, என் மடியில் வைத்தார். அப்புறம் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டேய், ஒம் பொண்டாட்டிக்கி ஈரம் காஞ்சிடுச்சிடா."

மறுநாள் காலையில் பரணிலிருந்து மிக்சியும் இறங்கியது.